டேனியல் பூன்: கென்டக்கிக் காட்டிலிருந்து வர்ஜீனியா சட்டமன்றம் வரை

டேனியல் பூன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ரக்கூன் தோல் தொப்பி அணிந்த ஒரு வேட்டைக்காரர். அந்தத் தொப்பியைப் பிற்காலத்துச் சித்திரங்களும் தொலைக்காட்சியும்தான் அவர் தலையில் வைத்தன. அவர் போட்டுக்கொண்டது சாதாரண ஃபெல்ட் தொப்பி. வேட்டைக்காரர் என்பது சரிதான். ஆனால் அதே மனிதர் 1781, 1787, 1791 என மூன்று முறை வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார், அதுவும் மூன்று வெவ்வேறு கவுன்ட்டிகளிலிருந்து (மாவட்டங்களிலிருந்து). குடிப்படையில் (உள்ளூர்க் குடிமக்களே சேர்ந்த படையில்) லெப்டினன்ட் கர்னல், ஷெரிஃப், துணை நில அளவையர், நகர அறங்காவலர் என்று எல்லைப்புறத்தில் இருந்த பதவிகளில் பெரும்பாலானவற்றை வகித்தார். இவ்வளவுக்குப் பிறகும், தானே வழி வெட்டிக் குடியேற்றிய கென்டக்கியில் அவருக்கு நிலம் மிஞ்சவில்லை.

இதை ஏமாந்த நல்லவரின் கதையாகச் சொல்வதுதான் வழக்கம். அப்படிச் சொன்னால் பாதிதான் புரியும். அவருடைய நிலத்தை விழுங்கியது 1779-ல் வர்ஜீனியா சட்டமன்றம் இயற்றிய நிலச் சட்டமும், அதன்படி நடந்த பதிவுமுறையும். பின்னாளில் அவர் உறுப்பினராகப் போய் உட்கார்ந்ததும் அதே மன்றத்தில்தான். எனவே அவர் வாழ்க்கையை விளங்கிக்கொள்ள வேட்டைக் கதைகளைவிட வாரன்ட் (நிலம் பெறும் உரிமைச் சீட்டு), பதிவு, அளவை, பட்டா என்ற நான்கு சொற்கள் அதிகம் உதவும்.

கென்டக்கிக்கு முன்

பூன் பிறந்தது 1734-ல், பென்சில்வேனியாவில், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில். 1750 வாக்கில் குடும்பம் தெற்கே நகர்ந்து நார்த் கரோலினாவின் யாட்கின் பள்ளத்தாக்கில் குடியேறியது. 1755-ல் பிரிட்டிஷ் தளபதி பிராடக் பிரெஞ்சுக்காரர்கள்மீது நடத்திய படையெடுப்பில் பூன் வண்டியோட்டியாகப் போனார்; படை சிதறியபோது குதிரையை அவிழ்த்துக்கொண்டு தப்பினார். மறு ஆண்டு ரெபெக்கா பிரையனை மணந்தார். 10 பிள்ளைகள்.

வருமானம் மான் தோலில் இருந்தது. இலையுதிர் காலத்தில் காட்டுக்குள் போய் மாதக்கணக்கில் தங்கி, தோலைச் சுரண்டி, அரைகுறையாகப் பதப்படுத்தி, கட்டுகளாகக் கட்டிக் குதிரைமேல் ஏற்றிவருவார்கள். அப்படிப் பதப்படுத்திய ஒரு தோல் சுமார் இரண்டரை பவுண்டு எடை. ஒரு குதிரை ஏறக்குறைய 100 தோல்களைச் சுமக்கும். நல்ல விலை கிடைத்தால் கடன் அடையும். ஆனால் பல மாத உழைப்பு ஒரே சுமையில் இருப்பதால் அது பறிபோனால் எல்லாமே போயிற்று. 1769-ல் கம்பர்லாண்ட் கணவாய் வழியாகக் கென்டக்கிக்குள் நுழைந்து இரண்டு ஆண்டுகள் வேட்டையாடிய பூனுக்கு அதுதான் நடந்தது. ஷானீ பழங்குடியினர் அவரைப் பிடித்துத் தோல்களையும் குதிரைகளையும் எடுத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். அவர்கள் பக்கமிருந்து பார்த்தால் இது திருட்டே அல்ல. கென்டக்கி அவர்களுடைய வேட்டை நிலம். 1768-ல் ஃபோர்ட் ஸ்டான்விக்ஸில் அதைப் பிரிட்டிஷாருக்கு எழுதிக்கொடுத்தது வடக்கே இருந்த இரோக்வாய் பழங்குடிக் கூட்டமைப்பு. அங்கே வேட்டையாடி வாழ்ந்த ஷானீக்களிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. 1773-ல் பூன் குடும்பத்தோடு குடியேறக் கிளம்பியபோது வழியில் நடந்த தாக்குதலில் அவருடைய மூத்த மகன் ஜேம்ஸ் கொல்லப்பட்டான். கூட்டம் திரும்பிவிட்டது.

அடுத்த முயற்சிக்குப் பணம் போட்டவர் ரிச்சர்ட் ஹெண்டர்சன், நார்த் கரோலினாவின் முன்னாள் நீதிபதி. 1775 மார்ச்சில் சைகமோர் ஷோல்ஸ் என்ற இடத்தில் அவருடைய டிரான்சில்வேனியா கம்பெனி செரோக்கி தலைவர்களுக்கு 10,000 பவுண்டு மதிப்புள்ள சரக்கு என்று பேசி, ஏறக்குறைய 2 கோடி ஏக்கரை வாங்கிக்கொண்டது. தனியார் இப்படிப் பழங்குடியினரிடம் நேரடியாக நிலம் வாங்குவதை 1763-ம் ஆண்டின் அரச ஆணை தடை செய்திருந்தது. ஹெண்டர்சனுக்குச் சட்டம் தெரியாதா என்ன? குடியேற்றம் நடந்துவிட்டால் சட்டம் பின்னால் வரும் என்பது அவர் கணக்கு.

பூன் சுமார் 30 கோடாரி ஆட்களுடன் 200 மைல் தூரம் பாதை வெட்டினார். பாதை என்றால் பொதிக்குதிரை போகும் அகலம் மட்டுமே. வண்டி போகுமளவுக்கு அது அகலப்பட்டது 1796-ல்தான். கென்டக்கி ஆற்றங்கரையில் பூன்ஸ்பரோ எழுந்தது. இந்த வேலைக்கு பூனுக்குப் பேசிய கூலி 2,000 ஏக்கர். 1778-ல் வர்ஜீனியா சட்டமன்றம் கம்பெனியின் கிரயத்தைச் செல்லாது என்று அறிவித்து, ஆறுதலாக கம்பெனிக்கு கிரீன் ஆற்றங்கரையில் 2 லட்சம் ஏக்கர் கொடுத்தது. பூனின் 2,000 ஏக்கர் அதோடு போயிற்று. முதல் இழப்பு அதுதான்.

சோளமும் உப்பும்

இங்கே குடியேறியவர்கள் முதலில் விதைத்தது மக்காச்சோளம். அதற்குக் காரணம் உண்டு. கோதுமைக்கு மரங்களை வேரோடு அகற்றி உழுத வயல் வேண்டும். சோளத்துக்கு அது தேவையில்லை. மரத்தண்டைச் சுற்றிலும் ஒரு பட்டை வளையத்தை வெட்டி எடுத்துவிட்டால் இலைகள் உண்டாக்கும் உணவு வேருக்கு இறங்காமல் மரம் நின்றபடியே காயும். இலை உதிர்ந்து வெயில் தரையில் விழும். பட்ட மரங்களுக்கு நடுவே மண்வெட்டியால் குழி தோண்டிச் சோளம் நடலாம். ஏரும் மாடும் இல்லாமல் முதல் ஆண்டே விளைச்சல் வரும். ஆபத்து அறுவடை நேரத்தில். ஆட்கள் கோட்டையை விட்டு வயலில் நிற்க வேண்டிய நேரம் அது, தாக்க வருபவர்களுக்கும் அது தெரியும். பின்னாளில் நிலச் சட்டம் குடியேற்றத்துக்குச் சாட்சியாக ஏற்றுக்கொண்டதும் இந்த ஒரு போகச் சோளத்தையே.

உப்புதான் பெரிய தொல்லை. உப்பு இல்லாமல் இறைச்சி நிற்காது. புளூ லிக்ஸ் உப்பு ஊற்றில் ஒரு புஷல் (சுமார் 35 லிட்டர் அளவு) உப்பு எடுக்க 840 காலன் நீரைக் காய்ச்ச வேண்டியிருந்தது. அதனால்தான் 1778 ஜனவரியில் சுமார் 30 பேர் பெரிய கொப்பரைகளோடு அங்கே போய் வாரக்கணக்கில் தங்கினார்கள். பிப்ரவரியில் ஷானீ தலைவர் பிளாக்ஃபிஷின் படை பூனைப் பிடித்தது. கோட்டை அப்போது போருக்குத் தயாராக இல்லை என்று தெரிந்திருந்த பூன், உப்பு காய்ச்சிக்கொண்டிருந்தவர்களைச் சண்டையில்லாமல் சரணடையச் செய்தார். நான்கு மாதம் பிளாக்ஃபிஷின் தத்துப்பிள்ளையாக இருந்து, ஜூனில் தப்பி, நான்கு நாளில் 160 மைல் கடந்து பூன்ஸ்பரோ சேர்ந்தார். செப்டம்பரில் முற்றுகை வந்தது, கோட்டை தாக்குப்பிடித்தது. அதன் பிறகு சகாக்களே அவர்மீது துரோகக் குற்றம் சாட்டி ராணுவ விசாரணை நடத்தினார்கள். விசாரணை மன்றம் அவரை விடுவித்தது மட்டுமல்ல, மேஜராகவும் உயர்த்தியது. எல்லைப்புற அரசியலில் வாக்கு எங்கிருந்து வந்தது என்பதை இதில் பார்க்கலாம். யார் படையை நடத்துகிறாரோ அவரையே மக்கள் அவைக்கும் அனுப்பினார்கள்.

மரத்தடி அவை

பூன் சட்டம் இயற்றும் வேலையைத் தொடங்கியது வர்ஜீனியாவில் அல்ல. 1775 மே மாதம் ஹெண்டர்சன் பூன்ஸ்பரோவில் ஒரு பெரிய எல்ம் மரத்தடியில் நான்கு குடியேற்றங்களின் பிரதிநிதிகளைக் கூட்டினார். சில நாட்களில் 9 சட்டங்கள் நிறைவேறின. நீதிமன்றம், குடிப்படை, கடன் வசூல், கெட்ட வார்த்தை பேசுவது, ஓய்வுநாளை மீறுவது என்று வழக்கமான பொருள்கள்தான். பூன் கொண்டுவந்தவை இரண்டு மசோதாக்கள்: காட்டு விலங்குகளைக் காப்பதற்கு ஒன்று, குதிரை இனத்தை மேம்படுத்த ஒன்று.

தொழில் வேட்டைக்காரர் வேட்டையைக் கட்டுப்படுத்தச் சட்டம் கேட்கிறார் என்பது விந்தையாகத் தோன்றலாம். கோட்டை எழும்பத் தொடங்கிச் சில வாரங்களிலேயே காட்டெருமைகள் வெகுதூரம் விலகிவிட்டிருந்தன. நாக்குக்காகவும் தோலுக்காகவும் சுட்டு உடலை அழுகவிடும் ஆட்கள் பெருகிவிட்டார்கள். இறைச்சிக்கு ஒவ்வொரு முறையும் நாள் முழுக்கப் போய்வர வேண்டுமென்றால் கோட்டையைக் காப்பது யார்? பூனுக்கு இது உணவுக் கணக்கு. குதிரை மசோதாவும் அப்படியே. பொதி, ஏர், போர் மூன்றுக்கும் குதிரைதான், குட்டையான கலப்புக் குதிரை காட்டில் இஷ்டப்படி சேர்ந்தால் அடுத்த தலைமுறை சுமை தாங்காது. அவர் பிற்காலத்தில் வர்ஜீனியா அவையில் செய்த எதையும்விட இந்த இரண்டு மசோதாக்களில்தான் அவர் தெளிவாகத் தெரிகிறார் என்பது என் எண்ணம்.

1779: நிலம் எப்படிக் கைக்கு வரும்?

1776 இறுதியில் வர்ஜீனியா கென்டக்கியைத் தன் கவுன்ட்டி ஆக்கியது. 1779-ல் நிலத்துக்கு இரண்டு சட்டங்கள். முதலாவது, ஏற்கெனவே குடியேறியவர்களுக்கு. 1778 ஜனவரி 1-க்கு முன் வந்து ஓராண்டு தங்கியவர் அல்லது ஒரு போகம் சோளம் எடுத்தவர், குடியேற்ற உரிமையாக 400 ஏக்கரைப் பெயரளவு விலைக்குப் பெறலாம். அதை ஒட்டிய 1,000 ஏக்கர் வரை அரசு விலையில் வாங்கும் முன்னுரிமையும் உண்டு. இதை விசாரிக்க ஆணையம் ஒன்று 1779 அக்டோபர் முதல் கோட்டை கோட்டையாக உட்கார்ந்தது. பூனும் இந்த வழியில் 1,400 ஏக்கருக்குச் சான்று பெற்றார்.

இரண்டாவது சட்டம், அப்போது நடந்துகொண்டிருந்த அமெரிக்க விடுதலைப் போரின் செலவுக்குப் பணம் திரட்டும் சட்டம். 100 ஏக்கருக்கு 40 பவுண்டு என்று கருவூல வாரன்ட்டுகள் விற்கப்பட்டன. 1780-ல் காகிதப் பணம் சரிந்ததால் அதே 100 ஏக்கர் 160 பவுண்டு ஆனது. எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு உச்சவரம்பு கிடையாது; கென்டக்கியைக் கண்ணால் பார்க்காதவரும் ரிச்மண்டில் உட்கார்ந்து பல்லாயிரம் ஏக்கருக்கு வாரன்ட் வாங்கலாம். வாரன்ட்டில் எவ்வளவு என்று இருக்கும், எங்கே என்று இருக்காது. அங்கேதான் எல்லாம் ஆரம்பம்.

வாரன்ட் வைத்திருப்பவர் கவுன்ட்டி அளவையரிடம் போய்த் தனக்கு வேண்டிய இடத்தை வார்த்தையில் பதிவு செய்ய வேண்டும். அடுத்து வருபவர் அந்த வர்ணனையைப் படித்து, மீதி நிலம் எங்கே என்று ஐயமில்லாமல் கண்டுபிடிக்கும் அளவுக்குப் பதிவு துல்லியமாக இருக்க வேண்டும் என்றது சட்டம். நடைமுறையில் பதிவுகள், ‘லிக்கிங் ஆற்றின் ஒரு கிளை ஓடையில், பெரிய ஊற்றுக்கு மேற்கே, எழுத்து வெட்டிய பீச் மரத்திலிருந்து தொடங்கி’ என்கிற ரகத்தில் இருந்தன. அந்த ஓடைக்கு இரண்டு பெயர், அல்லது பெயரே இல்லை. ஊற்றுகளோ எங்கும் உண்டு. பதிவேடு அளவையர் அலுவலகத்தில், அது நூறு மைலுக்கு அப்பால் இருக்கலாம், வழியில் போர்.

அதன் பிறகு அளவை. துணை அளவையர் ஒருவர், சங்கிலி பிடிக்க இரண்டு பேர், மரத்தில் அடையாளம் வெட்ட ஒருவர், பெரும்பாலும் காவலுக்கு ஒரு துப்பாக்கியும். கன்ட்டர் சங்கிலி 66 அடி, 100 லிங்க். தமிழ்நாட்டுப் பழைய புலப்படங்களில் லிங்க் கணக்கு இருப்பதும் இதே சங்கிலியால்தான். அடர்காட்டில் முழுச் சங்கிலியை நேராக இழுக்க முடியாதென்று பாதி நீளம், 33 அடிச் சங்கிலி வைத்துக்கொள்வார்கள். தூரத்தைப் ‘போல்’ கணக்கில் எழுதுவார்கள். ஒரு போல் பதினாறரை அடி, 160 சதுரப் போல் ஒரு ஏக்கர். 400 ஏக்கர் சதுரம் என்றால் பக்கத்துக்கு ஏறக்குறைய 253 போல். நிலத்தின் அகலம் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்றும் விதி இருந்தது. இல்லாவிட்டால் ஆற்றோரத்து வளமான மண்ணை மட்டும் நாடா மாதிரி நீட்டி எடுத்துக்கொள்வார்கள்.

பிழைகள் எங்கெல்லாம் நுழையும்? சரிவில் சங்கிலியைக் கிடைமட்டமாகப் பிடிக்காமல் தரையோடு இழுத்தால் தூரம் கூடுதலாக எழுதப்படும். திசைகாட்டி காட்டுவது காந்த வடக்கை. அது ஆண்டுக்கு ஆண்டு நகரும். ஒரு பாகை தவறினால் 253 போல் நீளக் கோட்டின் முடிவில் சுமார் 73 அடி தள்ளிப்போய்விடும். இருபது ஆண்டு கழித்து அதே கோணத்தை வைத்து எல்லையைத் தேடுபவர் பக்கத்து நிலத்தில் நிற்பார். மூலை அடையாளமாக வெட்டிய சர்க்கரை மேப்பிள் மரம் அதற்குள் விறகாகியிருக்கும்.

வரைபடத்தை 12 மாதத்துக்குள் நில அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆறு மாதம் ஆட்சேபணைக்குக் காத்திருப்பு. யாரும் தடுக்கவில்லை என்றால் ஆளுநர் கையெழுத்திட்ட பட்டா வரும். இந்த நான்கு படிகளில் எதில் தாமதித்தாலும் பின்னால் வந்தவர் முந்திவிடலாம். அரசு யாருக்கு எங்கே கொடுத்தது என்று காட்டும் பொதுவான வரைபடமே கிடையாது. ஒரே நிலத்தின் மேல் மூன்று நான்கு பேர் அளவை செய்து பணம் கட்டியிருந்தார்கள். கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பது போல உரிமைகள் கிடந்தன.

வழக்கு வந்தால் நீதிமன்றம் யார் முதலில் குடியேறினார் என்று மட்டும் பார்க்காது. பதிவில் சொன்ன ஊற்றும் மரமும் அந்தக் காலத்தில் அந்த வட்டாரத்துக்குப் பொதுவாகத் தெரிந்தவையா, வேறொருவர் தேடிக் கண்டுபிடிக்க முடிந்திருக்குமா என்று பார்க்கும். முடியாது என்றால் முந்தைய பதிவு செல்லாது. தனியே காட்டில் சுற்றி, தானே ஓடைக்குப் பெயர் வைத்த பூன் போன்றவர்களை இந்த விதி நேராகத் தாக்கியது. அவர் கண்டுபிடித்த இடம் அவருக்கு மட்டுமே தெரிந்த இடம். அதனாலேயே அது செல்லாத பதிவு.

ஓஹியோ ஆற்றுக்கு வடக்கே மத்திய அரசு 1785-ல் வேறு வழியை எடுத்தது. முதலில் அளவை, பிறகு விற்பனை. 6 மைல் சதுர டவுன்ஷிப், அதில் 640 ஏக்கர் கொண்ட 36 கட்டங்கள். ஆபிரகாம் லிங்கனின் தந்தை தாமஸ் 1816-ல் கென்டக்கியை விட்டு இந்தியானாவுக்குப் போனதற்கு முக்கியக் காரணம் கென்டக்கியின் நிலப்பத்திரச் சிக்கல் என்று லிங்கனே பின்னாளில் எழுதினார்.

கர்னல் சட்டமன்றம் போகிறார்

வாரன்ட் வாங்குவதில் பூனுக்கு அடி விழுந்தது 1780-ன் தொடக்கத்தில். தன் பணத்தோடு அண்டை அயலார் நம்பிக் கொடுத்த பணத்தையும், மொத்தம் 20,000 டாலர் என்று சொல்வார்கள், சேணப்பையில் வைத்துக்கொண்டு வர்ஜீனியாவின் கிழக்கே புறப்பட்டார். வழியில் ஒரு சத்திரத்தில் தூங்கி எழுந்தபோது பணம் இல்லை. பெருந்தொகை இழந்த ஹார்ட் சகோதரர்கள் அவர் நேர்மையைச் சந்தேகிக்கவில்லை. மற்ற சிலர் திருப்பிக் கேட்டார்கள். அவர் பல ஆண்டுகள் அடைத்துக்கொண்டிருந்தார்.

இத்தனைக்குப் பிறகும் செல்வாக்கு குறையவில்லை. 1780 நவம்பரில் கென்டக்கி கவுன்ட்டி ஃபயெட், லிங்கன், ஜெஃபர்சன் என மூன்றாகப் பிரிந்தது. பூன் ஃபயெட் குடிப்படையின் லெப்டினன்ட் கர்னல் ஆனார். 1781 ஏப்ரலில் அதன் சட்டமன்றப் பிரதிநிதி. வர்ஜீனியாவின் 1776 அரசமைப்பு ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் ஆண்டுதோறும் இரண்டு உறுப்பினர்கள் என்று வைத்திருந்தது. மக்கள்தொகை எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. கிழக்கே புகையிலைத் தோட்டங்கள் நிறைந்த கவுன்ட்டிக்கும் இரண்டு, நூற்றுக்கணக்கில் குடிசைகள் மட்டும் இருந்த ஃபயெட்டுக்கும் இரண்டு. ஒரு கவுன்ட்டியை இரண்டாக்கினால் நான்கு இடம். கென்டக்கிக்காரர்கள் ஓயாமல் புதுக் கவுன்ட்டி கேட்டு மனுப் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம். பிரிந்து தனி மாநிலமான 1792-ல் அங்கே 9 கவுன்ட்டிகள். வாக்கு நில உடைமையுள்ள ஆண்களுக்கு மட்டும். நீதிமன்ற வாசலில் ஷெரிஃப் முன்னால் நின்று பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். யார் யாருக்குப் போட்டார் என்பது ஊருக்கே தெரியும்.

ஆனால் தலைநகரம் சுமார் 500 மைல் தூரம், மலைகளுக்கு அப்பால். போய்வரும் வாரங்களில் விதைப்பையும் காவலையும் வீட்டில் இருப்பவர்கள் பார்க்க வேண்டும். எல்லைப்புற உறுப்பினரின் முக்கிய வேலை பேச்சு அல்ல, மனு சுமப்பது. ஊரை அமைக்க, படகுத்துறைக்கு உரிமம் கேட்க, நிலப்பதிவுக் கெடுவை நீட்ட, வெடிமருந்து கேட்க என்று கையெழுத்திட்ட தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்து, குழுவில் தள்ளி, சட்டமாக்கித் திரும்ப வேண்டும்.

பூன் போன நேரம் போர் உச்சத்தில் இருந்த நேரம். பிரிட்டிஷ் படை நெருங்கியதால் அவை ரிச்மண்டை விட்டு சார்லட்ஸ்வில்லுக்கு ஓடிவந்திருந்தது. 1781 ஜூன் 4 அன்று டார்ல்டனின் குதிரைப்படை அங்கேயும் வந்தது. ஜாக் ஜூவெட் என்ற இளைஞர் இரவோடிரவாக ஏறக்குறைய 40 மைல் குதிரை ஓட்டி எச்சரித்ததால் ஆளுநர் ஜெஃபர்சனும் பெரும்பாலான உறுப்பினர்களும் தப்பினார்கள். பூன் உட்படச் சிலர் சிக்கினார்கள். ஆவணங்களை வண்டியில் ஏற்றக் கடைசிவரை நின்றார் என்றும், சாதாரணக் குடியானவர் போல நழுவப் பார்த்தபோது கூட வந்தவர் ‘கர்னல்’ என்று கூப்பிட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. சில நாட்களில் உறுதிமொழி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். அவை இன்னும் மேற்கே, மலைகளுக்கு அப்பாலுள்ள ஸ்டான்டனில் மறுபடி கூடியது.

1782 ஆகஸ்டில் புளூ லிக்ஸ் சண்டையில் பூன் தன் மகன் இஸ்ரேலைப் பறிகொடுத்தார். அதே ஆண்டு ஃபயெட்டின் ஷெரிஃப். பிறகு ஓஹியோ ஆற்றங்கரையில் லைம்ஸ்டோன் என்ற படகுத்துறைக்குக் குடிபெயர்ந்து சத்திரம், சரக்குக்கடை, குதிரை வியாபாரம், அளவை என எல்லாம் நடத்தினார். 1784-ல் ஜான் ஃபில்சன் எழுதிய நூல் அவரை அட்லாண்டிக் கடந்தும் பிரபலமாக்கியது. இங்கிருந்தே 1787-ல் பூர்பன் கவுன்ட்டி உறுப்பினராக ரிச்மண்ட் போனார். அந்தக் கூட்டத்தொடரில்தான் புதிய கூட்டாட்சி அரசமைப்பை ஏற்பதா என்று முடிவுசெய்யும் மாநாட்டைக் கூட்ட அவை தீர்மானித்தது. லைம்ஸ்டோனை மேஸ்வில் என்ற ஊராக அமைக்கும் சட்டமும் அப்போதுதான் நிறைவேறியது. அறங்காவலர்களில் பூனும் ஒருவர்.

லைம்ஸ்டோன் காலத்தில் அவர் வசதியானவர். வரிப் பட்டியலில் அவர் பெயரில் அடிமைகளும் இருந்தார்கள். ஆற்றோரத்துச் சிறு குடியானவராக அவரை நினைத்துக்கொள்வது அந்தப் பட்டியலோடு பொருந்தாது.

சரிவு

1783 முதல் துணை அளவையராக அவர் நூற்றுக்கும் மேற்பட்ட அளவைகள் செய்தார். கென்டக்கியை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் குறைவு என்பதால் கிழக்கத்திய வாரன்ட்காரர்கள் அவரிடம் வந்தார்கள். இடம் பார்த்து, பதிந்து, அளந்து கொடுக்கும் ஆளுக்குக் கூலி பணமாக இல்லாமல் நிலத்தில் ஒரு பங்காகவே பெரும்பாலும் இருந்தது. அந்தப் பங்குகள் சேர்ந்து காகிதத்தில் பல்லாயிரம் ஏக்கர் ஆயின. பட்டா வருவதற்கு முன்பே அவற்றை விற்றார். விற்பனை பத்திரத்தில் ஒரு கண்ணி இருந்தது. நல்ல உரிமையோடு நிலத்தை எழுதிக்கொடுப்பேன், தவறினால் இவ்வளவு தண்டத்தொகை என்று விற்பவர் பிணைப்பத்திரம் எழுதிக்கொடுப்பார். தண்டத்தொகை பெரும்பாலும் விலையைப் போல் இரண்டு மடங்கு. வாங்கியவரை இன்னொருவர் மூத்த உரிமையோடு வெளியேற்றினால், அவர் நேரே விற்றவர்மேல் வழக்குப் போடுவார். பூன் இப்படிப் பிரதிவாதியாகப் பல வழக்குகளில் நின்றார். பிறர் வழக்குகளில் எல்லைச் சாட்சியாகவும் கூப்பிட்டார்கள்; அவர் சாட்சியால் தோற்றவர்கள் பொய்ச்சாட்சி என்று தூற்றினார்கள்.

அவர் பக்கத் தவறும் உண்டு. பதிவோடு விட்டுவிட்டு அளவையை முடிக்காமல் கெடு கடந்ததும், வாய்வார்த்தையில் நம்பி விற்றதும், வரி கட்டாமல் விட்டதும் அவர் செய்தவையே. காட்டில் இரண்டு ஆண்டு பொறுமையாக இருக்க முடிந்தவருக்கு எழுத்தர் மேசைக்கு முன் காத்திருக்கப் பொறுமை இருக்கவில்லை. ஒருகட்டத்தில் வழக்காடுவதையே நிறுத்திவிட்டார். பல ஆயிரம் ஏக்கர் வரிபாக்கிக்காகப் போயின.

வியாபாரமும் கைகொடுக்கவில்லை. 1787-88 குளிர்காலத்தில் 12 முதல் 15 டன் வரை ஜின்செங் என்ற மருந்து வேர் சேர்த்துப் படகில் அனுப்பினார். ஆற்றில் படகு நீர் ஏறிச் சரக்கு நனைந்தது. மறுபடி உலர்த்திக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் விலை விழுந்துவிட்டது. பிறகு கனாவா ஆறு ஓஹியோவில் கலக்கும் பாயிண்ட் பிளசன்டுக்கு இடம்பெயர்ந்து, 1791-ல் கனாவா கவுன்ட்டியிலிருந்து மூன்றாவது முறை உறுப்பினரானார். ரிச்மண்டில் இருந்தபோதே எல்லைக் காவல் படைகளுக்கு உணவும் வெடிமருந்தும் கொண்டுசேர்க்கும் ஒப்பந்தத்தையும் பெற்றார். கொள்முதலுக்குக் கைமுதல் வேண்டும், அரசு பணம் தருவது பின்னால். சரக்கு எல்லா இடத்துக்கும் போகவில்லை. படைத்தலைவர்களின் புகார் வந்தது. பூன் அதையும் விட்டுவிட்டு வேட்டைக்குத் திரும்பினார்.

1799-ல் மிசூரி. அது அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. ஸ்பானிய அதிகாரிகள் அவரை வரவேற்று 1,000 அர்பெண்ட், அதாவது சுமார் 850 ஏக்கர் கொடுத்தார்கள். 1800-ல் ஃபெம் ஓசாஜ் வட்டாரத்தின் சிண்டிக் ஆக்கினார்கள். நீதிபதியும் ஷெரிஃபும் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். வழக்கறிஞர் கிடையாது, மேல்முறையீடு அபூர்வம், தீர்ப்பு அங்கேயே. அவருக்கு மிகவும் பொருந்திய பதவி இதுதான்.

மானியத்தை நிலைப்படுத்த இரண்டு நிபந்தனைகள் இருந்தன: நிலத்தில் குடியிருந்து பயிர் செய்ய வேண்டும், நியூ ஆர்லியன்ஸில் ஒப்புதல் வாங்க வேண்டும். சிண்டிக் என்பதால் குடியிருக்கத் தேவையில்லை என்று துணை ஆளுநர் டெலாசுஸ் சொன்னதை நம்பி இரண்டையும் அவர் செய்யவில்லை. 1803-ல் அமெரிக்கா லூயிசியானாவை வாங்கியது. நில ஆணையர்கள் காகிதத்தைக் கேட்டார்கள், இல்லை. உரிமை நிராகரிக்கப்பட்டது. பூன் அமெரிக்க காங்கிரசுக்கு மனுப் போட்டார், கென்டக்கி சட்டமன்றம் ஆதரவுத் தீர்மானம் போட்டது. 1814 பிப்ரவரியில் காங்கிரஸ் 1,000 அர்பெண்டை அவருக்கு உறுதி செய்தது. அதற்கு முந்தைய ஆண்டே ரெபெக்கா இறந்துவிட்டார். செய்தி பரவியதும் கென்டக்கியிலிருந்து அவருக்குப் பழைய கடன் கொடுத்தவர்கள் வந்தார்கள், அவர்களுக்குக் கொடுக்கவே அந்த நிலம் விற்கப்பட்டது. 1820 செப்டம்பர் 26 அன்று மகன் நேதன் வீட்டில் பூன் இறந்தார்.

கென்டக்கி நில வழக்குகள் அவரோடு முடியவில்லை. வர்ஜீனியாவிலிருந்து பிரியும்போது, பழைய நில உரிமைகளை வர்ஜீனியா சட்டப்படியே தீர்ப்போம் என்று 1789-ல் ஒப்பந்தம் ஏற்பட்டிருந்தது. பின்னர் கென்டக்கி, மூத்த பத்திரத்தோடு வருபவர் நிலத்தைத் திரும்பப் பெறலாம், ஆனால் அதைத் திருத்திப் பயிர் செய்தவருக்கு வீட்டுக்கும் வேலிக்கும் உழைப்புக்கும் ஈடு கொடுக்க வேண்டும் என்று 1797-லும் 1812-லும் சட்டம் இயற்றியது. பூன் தலைமுறையின் அனுபவத்திலிருந்து பிறந்த சட்டம் அது. கிரீன் எதிர் பிடில் வழக்கில் 1823-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இது 1789 ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று அதை ரத்து செய்தது. கென்டக்கி நீதிமன்றங்கள் அந்தத் தீர்ப்பைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல், ஈடு கொடுக்கச் சொல்லியே தொடர்ந்து தீர்ப்பளித்தன.